ஒரே நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்த ஃபைபர் இணைப்பு: குடியிருப்போர் சங்கம் என்ன செய்யலாம்?

எழுதியிருப்பவர் 212 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் சங்கச் செயலாளர். பெயர், ஊர், நிறுவனம் எதையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தின் சுருக்கம் இது:

கட்டுமான நிறுவனம் 2021-ல் ஒரு பிராட்பேண்ட் நிறுவனத்துடன் பத்தாண்டு ஒப்பந்தம் செய்திருக்கிறது. வேறு எந்த நிறுவனமும் வளாகத்துக்குள் கண்ணாடி இழை கேபிள் இழுக்கக் கூடாது என்பது அதில் ஒரு நிபந்தனை. 2023-ல் பராமரிப்பு சங்கத்தின் கைக்கு வந்தது. அப்போதிலிருந்து இணைப்புகளின் எண்ணிக்கைக்கேற்ப அந்த நிறுவனம் மாதாமாதம் சங்கத்துக்கு ஒரு தொகை கொடுத்துவருகிறது. இணைப்பு அறுந்தால் சரிசெய்ய நான்கைந்து நாள் ஆகிறது. அதே நிறுவனம் அடுத்த தெருவில் குறைந்த கட்டணத்துக்குத் தரும் திட்டத்தைக் கேட்டால், “உங்கள் வளாகத்துக்கு அது கிடையாது” என்கிறார்கள். சென்ற ஆண்டு வேறொரு நிறுவனம் இணைப்புத் தர முன்வந்தது. அப்போதுதான் கேபிள் ஷாஃப்ட் (மாடிகளுக்குக் கேபிள் ஏறும் செங்குத்து வழி) கதவின் சாவி சங்கத்திடம் இல்லை, பழைய நிறுவனத்தின் ஊழியரிடம் இருக்கிறது என்பதே தெரியவந்திருக்கிறது.

“நாங்கள் கையெழுத்திடாத ஒப்பந்தம் எங்களைக் கட்டுமா? ஏகபோகம் சட்டவிரோதம்தானே, போட்டி ஆணையத்தில் புகார் செய்யலாமா? எங்கள் சுவருக்குள் ஓடும் கேபிள் எங்களுடையது இல்லையா, அதைப் புதிய நிறுவனத்துக்கும் பகிர்ந்து கொடுக்கச் சொல்லலாமா? கேபிளை அறுத்துவிட்டால் தானாக வழிக்கு வருவார்கள் என்கிறார் ஒரு உறுப்பினர். இதுவரை வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்குமா?” இவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள செயலாளருக்கு,

முதலில், கேபிளை அறுக்கச் சொல்லும் அந்த உறுப்பினரை இன்றே தடுத்துவிடுங்கள். 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு 2024 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கிறது. தொலைத்தொடர்புக் கட்டமைப்பைச் சேதப்படுத்துபவர் இழப்பீடு கொடுக்க வேண்டும். அதோடு ஐம்பது லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். இப்போது புகார்தாரராக இருக்கும் நீங்கள், ஒரு கத்தரிக்கோலால் எதிர்த் தரப்பு ஆகிவிடுவீர்கள்.

உங்கள் கடிதத்தில் இரண்டு தகராறுகள் கலந்திருக்கின்றன. ஒன்று நிறுவனத்தின் சேவையும் கட்டணமும் பற்றியது. மற்றது, வளாகத்துக்குள் யார் நுழையலாம் என்பது. முதலாவதில் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. அதை நீங்களே கவனிக்கவில்லை. இரண்டாவதில் நீங்கள் நினைக்கிற அளவுக்கு வலு இல்லை என்றாலும், பேரம் பேசப் போதுமான சரக்கு இருக்கிறது.

கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரியாகச் சொல்லியிருக்கிறீர்களே, அடுத்த தெருவுக்கு ஒரு கட்டணம், உங்களுக்கு ஒரு கட்டணம் என்று, அதைத்தான் நான் முதலில் பிடித்துக்கொள்வேன். பிராட்பேண்ட் கட்டணம் இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் நிர்ணயிப்பதில்லை. நிறுவனங்களே முடிவு செய்கின்றன. ஆனால் 1999-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புக் கட்டண ஆணை ஒரு எல்லை வைத்திருக்கிறது. ஒரே வகையைச் சேர்ந்த சந்தாதாரர்களிடையே பாரபட்சம் கூடாது. அப்படி வகை பிரிப்பதும் மனம்போன போக்கில் இருக்கக் கூடாது. வேறு போட்டியாளர் நுழைய முடியாத வளாகம் என்பதற்காக மட்டும் ஒரு திட்டத்தை மறுப்பது நியாயமான வகைப்பாடு என்று வாதாட அந்த நிறுவனத்தின் வழக்கறிஞருக்கே கூச்சமாக இருக்கும். எனவே பேச்சோடு விடாதீர்கள். அந்தத் திட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டு, பத்துப் பதினைந்து வீட்டுக்காரர்கள் தனித்தனியாக எழுத்தில் கேளுங்கள். மறுப்பும் எழுத்தில் வரட்டும். அடுத்த தெருவில் ஒருவர் அதே திட்டத்துக்குக் கட்டிய ரசீதின் நகலையும் வாங்கி வையுங்கள்.

இதற்கு நேராக டிராய்க்குப் புகார் எழுதுவது பயன் தராது. தனிநபர் புகார்களை டிராய் விசாரிப்பதில்லை. 2012-ஆம் ஆண்டின் விதிமுறைகளின்படி முதலில் நிறுவனத்தின் புகார் மையம், பதிவு எண், அதில் தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி என்று இரண்டு படிகள் உண்டு. நான்கு நாள் இணைப்பு இல்லாமல் கிடந்த ஒவ்வொரு முறைக்கும் ஒரு பதிவு எண் இருக்க வேண்டும். காவலாளியிடம் வாய்மொழியாகச் சொன்ன புகார் எந்த மன்றத்திலும் புகாரே அல்ல.

அதற்குப் பிறகு இரண்டு வழிகள். தொலைத்தொடர்பு என்றால் நுகர்வோர் ஆணையம் கேட்காது என்று உங்கள் குழுவில் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது பழைய கதை. நுகர்வோர் மன்றத்தின் அதிகாரத்தைத் தந்திச் சட்டம் பறிக்காது என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2023-ஆம் ஆண்டுச் சட்டமும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பரிகாரம் தேடும் உரிமையைத் தொடவில்லை. இன்னொரு வழி, தொலைத்தொடர்புத் தகராறுகளுக்கான டிடிசாட் தீர்ப்பாயம். தனி ஒருவருடைய நுகர்வோர் புகார் அங்கே போகாது. ஒரு நிறுவனத்துக்கும் நுகர்வோர் குழு ஒன்றுக்கும் இடையிலான தகராறு போகும். 212 வீடுகள் ஒரு குழுதான். ஆனால் அது டெல்லியில் இருக்கிறது. செலவும் அலைச்சலும் உண்டு. நுகர்வோர் ஆணையத்தில் தொடங்குவதே உங்கள் நிலைக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

ஒப்பந்தம் உங்களை எவ்வளவு கட்டும்?

கையெழுத்திடாதவரை ஒப்பந்தம் கட்டாது என்பது பொது விதி. அது மட்டும்தான் விஷயம் என்றால் உங்கள் வழக்கு எளிது. ஆனால் 2023 முதல் மாதாமாதம் அந்த ஒப்பந்தத்தின்படி பணம் வாங்கியிருக்கிறீர்கள். சங்கக் கணக்கில் வரவு வைத்திருக்கிறீர்கள். பராமரிப்புக் கட்டணத்தையும் அதைக் கொண்டு குறைத்திருக்கிறீர்கள். ஒப்பந்தத்தின் பலனை அனுபவித்துக்கொண்டே அதன் சுமை எனக்கு வேண்டாம் என்றால் நீதிமன்றம் முகம் சுளிக்கும். நடத்தையால் ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டீர்கள் என்று எதிர்த் தரப்பு வாதிடும். அந்த வாதத்துக்கு எடை உண்டு.

வணிகத்தைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிற 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவையும் மேற்கோள் காட்டியிருக்கிறீர்கள். அதை அதிகம் நம்ப வேண்டாம். ஒப்பந்தம் உயிரோடு இருக்கும் காலத்துக்குள் அடங்கும் பிரத்யேக நிபந்தனைகளை அந்தப் பிரிவு பொதுவாகத் தொடாது என்பது 1995-ல் குஜராத் பாட்டிலிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்த நிலை.

உங்களுக்கு உண்மையான துணை, புதிய தொலைத்தொடர்புச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு. கேபிள் இழுக்க வழியுரிமை தருபவர் பாரபட்சம் இல்லாமலும், நடைமுறையில் இயன்ற அளவு ஒருவருக்கே என்று இல்லாமலும் தர வேண்டும் என்கிறது அது. பொது இடங்களுக்கு மட்டுமல்ல, 12-ஆம் பிரிவின்படி தனியார் சொத்துக்கும் இது பொருந்தும். சொத்தின் நிர்வாகம் யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் புதிய நிறுவனம் விண்ணப்பிக்க வேண்டும்; பொதுப் பகுதிகளைப் பொறுத்தவரை அது நீங்கள்தான். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி பொதுப் பகுதிகள் சங்கத்துக்கு வந்து சேர வேண்டியவை. ஷாஃப்ட் அதில் அடங்கும். தொலைத்தொடர்புச் சட்டத்தின் இந்த வழியுரிமை அத்தியாயத்தின் கீழ் எழும் தகராறுகளை மாவட்ட ஆட்சியர் மட்டத்திலேயே தீர்க்கவும் சட்டம் வழி வைத்திருக்கிறது.

எதிர்த் தரப்பு என்ன சொல்லும்? எங்கள் ஒப்பந்தம் 2021-ல் போட்டது, சட்டம் பிறகு வந்தது என்பார்கள். “இயன்ற அளவு” என்ற சொற்களையும் பிடித்துக்கொள்வார்கள்: ஷாஃப்டில் இடமில்லை, பாதுகாப்பு இல்லை, ஆகவே இயலாது என்று. முதல் வாதத்துக்குப் பதில் நீதிமன்றத்தில் சொல்ல வேண்டியது. இரண்டாவதுக்குப் பதில் உங்கள் ஷாஃப்டிலேயே இருக்கிறது. ஒரு பொறியாளரை வைத்துக் கதவைத் திறந்து, எத்தனை குழாய்கள் இருக்கின்றன, எத்தனை காலியாக இருக்கின்றன, ஒவ்வொரு மாடியிலும் எந்தப் பெட்டி யாருடையது என்று படத்துடன் ஓர் அறிக்கை வாங்குங்கள். நாற்பது கிலோ செம்புக் கம்பியை இழுக்கப் போவதில்லை. ஒரு கட்டடத்துக்குத் தேவையான கண்ணாடி இழைகள் எல்லாம் சுண்டுவிரல் பருமனுள்ள ஒரு கேபிளில் அடங்கிவிடும். இடமில்லை என்ற வாதம் பெரும்பாலும் அந்த அறிக்கையோடு செத்துவிடும்.

சாவியை உடனே கேட்டு வாங்குங்கள். எழுத்தில் கேளுங்கள். பொதுப் பகுதியின் பூட்டுக்குச் சாவி வைத்திருக்கும் உரிமையை ஒப்பந்தம் வெளிப்படையாகத் தரவில்லை என்றால், ஒரு சேவை நிறுவனத்தின் ஊழியர் அதை வைத்திருக்க எந்த அடிப்படையும் இல்லை. அவர்கள் பழுது பார்க்க வரும்போது காவலாளி திறந்துவிட்டு, பதிவேட்டில் நேரத்தைக் குறித்துக்கொள்ளட்டும். அந்தப் பதிவேடு, நான்கு நாள் தாமதம் யாரால் ஆனது என்பதற்கும் சாட்சியாகும்.

பழைய நிறுவனத்தின் கேபிளையே பங்கிட்டுக்கொள்ளலாமா?

இந்தக் கேள்வியில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். சுவர் உங்களுடையது என்பதால் கேபிளும் உங்களுடையது ஆகிவிடாது. தொலைத்தொடர்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு கட்டமைப்பையும் அது நிற்கும் சொத்தையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டது. கேபிளும், ஒளியை வீடுகளுக்குப் பிரித்துத் தரும் ஸ்பிளிட்டரும் நிறுவனத்துக்கு. அதே சமயம் உங்கள் சொத்தில் பயன்படுத்தும் உரிமையைத் தாண்டி நிறுவனத்துக்கு எதுவும் இல்லை. கட்டுமான நிறுவனம் பதித்த காலிக் குழாய்கள் எவருடைய கட்டமைப்பும் அல்ல. அவை உங்கள் கட்டடத்தின் பாகம்.

கேபிளைப் பகிரச் சொல்வதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கலும் இருக்கிறது. வீடுகளுக்கு வரும் ஃபைபரில் பெரும்பாலும், நிறுவனத்தின் நிலையத்திலிருந்து ஒற்றை இழை கிளம்பி வருகிறது. கட்டடத்தின் கீழ்த்தளத்திலோ தெருமுனையிலோ மின்சாரமே தேவைப்படாத ஒரு சிறிய ஸ்பிளிட்டர், அந்த ஒளியை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துத் தருகிறது. உங்கள் வீட்டு இழை ஸ்பிளிட்டரோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் போவது எல்லோருக்குமான இழை. பழைய தொலைபேசிக் காலத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனிச் செம்புக் கம்பி எக்ஸ்சேஞ்ச் வரை போனதால், அதைக் கழற்றி வேறொரு நிறுவனத்தின் கருவியில் மாட்ட முடிந்தது. இங்கே தனி ஒரு வீட்டுக்காகக் கழற்றி மாட்ட அப்படி ஒரு கம்பியே இல்லை.

அந்தச் செம்புக் கம்பியைப் பகிரும் கடமையைக்கூட நம் நாட்டில் கொண்டுவரவில்லை. 2004-ல் டிராய் பரிந்துரைத்தது. அதே ஆண்டு வந்த பிராட்பேண்ட் கொள்கை அதை நிறுவனங்களுக்கு இடையிலான வணிக உடன்பாட்டுக்கு விட்டுவிட்டது. அமெரிக்கா 1996-ல் பகிர்வைக் கட்டாயமாக்கிப் பார்த்து, 2003-ல் புதிய ஃபைபருக்கு அதிலிருந்து பெருமளவு விலக்கு அளித்தது. பகிரச் சொன்னால் முதலீடு வராது என்பது வாதம். அந்த வாதத்தில் பாதி உண்மை, பாதி வியாபாரம்.

கட்டடத்துக்குள் இருக்கும் பகுதியைப் பொறுத்தவரை வெளிநாடுகளில் நிலைமை வேறு. பிரான்ஸில் 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு கட்டடத்துக்குள் முதலில் ஃபைபர் இழுத்த நிறுவனம், தன் கட்டட வலையில் மற்ற நிறுவனங்கள் இணைய ஓர் இணைப்புப் புள்ளியைத் திறந்துவிட வேண்டும். அமெரிக்காவிலும் 2007-ல் கேபிள் நிறுவனங்கள் அடுக்ககங்களுடன் போட்ட பிரத்யேக நுழைவு ஒப்பந்தங்களைத் தடை செய்தார்கள். கட்டட உரிமையாளருக்கு வருமானப் பங்கு கொடுத்து அதே வேலையைப் பின்வாசல் வழியாகச் செய்ததால், 2022-ல் பிரத்யேக வருமானப் பங்கையும் தடை செய்ய வேண்டியிருந்தது. உங்கள் சங்கத்துக்கு வரும் மாதத் தொகை எந்த ரகம் என்று இப்போது புரிந்திருக்கும்.

நம் நாட்டில் டிராய் 2017 ஜனவரியில், கட்டடங்களுக்குள் மற்றவரை நுழையவிடாத ஒப்பந்தங்களை உரிம மீறலாகக் கருதலாம் என்று பரிந்துரைத்தது. “டிராய் தடை செய்துவிட்டது” என்று நீங்கள் எழுதியிருப்பது அதைத்தான் என்று நினைக்கிறேன். பரிந்துரை வேறு, சட்டம் வேறு. வக்கீல் நோட்டீஸில் அதை மேற்கோள் காட்டலாம்; அதை வைத்து மட்டும் தடையாணை வாங்க முடியாது.

போட்டி ஆணையத்துக்குப் போவதற்கு முன்

ஏகபோகம் குற்றம் அல்ல. 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் மேலாதிக்க நிலையில் இருப்பதைத் தடுக்கவில்லை. அந்த நிலையை முறைகேடாகப் பயன்படுத்துவதைத்தான் 4-ஆம் பிரிவு தடுக்கிறது. மேலாதிக்கம் உண்டா என்று பார்க்க முதலில் சந்தை எது என்று வரையறுக்க வேண்டும். உங்கள் வளாகமே ஒரு சந்தை என்று நீங்கள் சொல்வீர்கள். ஆணையமோ பெரும்பாலும் நகரத்தையோ அதைவிடப் பெரிய பரப்பையோ பார்க்கும். அங்கே அந்த நிறுவனத்துக்கு நான்கு போட்டியாளர்கள் இருப்பார்கள். பிரத்யேக ஒப்பந்தங்களைப் பற்றிய 3(4) பிரிவிலும், போட்டிக்குக் கணிசமான பாதிப்பு ஏற்பட்டது என்று காட்ட வேண்டும். 212 வீடுகளை வைத்து அதை நிரூபிப்பது கடினம்.

படி இன்னொன்றும் உண்டு. மொபைல் நிறுவனங்களுக்கு இடையிலான இணைப்புப் புள்ளித் தகராறில் 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், தொலைத்தொடர்பு விதிகள் சம்பந்தப்பட்ட கேள்விகளை முதலில் டிராய் தீர்க்கட்டும், அதன் பிறகே போட்டி ஆணையம் என்று வரிசை வகுத்தது. ஆணையத்தில் புகார் தாக்கல் செய்ய 2023 திருத்தம் மூன்றாண்டுக் கெடுவும் வைத்திருக்கிறது. வென்றாலும் உங்களுக்கு இழப்பீடு ஆணையத்தின் கையிலிருந்து வராது. அதற்கு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் தனி மனு வேண்டும்.

ஒரே நிலைமையில் அந்தக் கதவு திறக்கும். இதே நிறுவனம் உங்கள் நகரத்தில் பல பத்து வளாகங்களில் இதே நிபந்தனையை எழுதி வாங்கியிருந்தால், அது உங்கள் சங்கத்தின் தகராறு அல்ல, சந்தையையே அடைக்கும் ஏற்பாடு. பக்கத்துச் சங்கங்களிடம் விசாரியுங்கள். ஒப்பந்த நகல்கள் ஐந்தாறு ஒரே வாசகத்தோடு கிடைத்தால், அப்போது எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.

அடுத்த பொதுக்குழுவில்

நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஒப்பந்தத்தை முறிக்கும் தீர்மானம் போட மாட்டேன். தொலைத்தொடர்புச் சட்டத்தின் 13-ஆம் பிரிவைச் சுட்டிக்காட்டி, பிரத்யேக நிபந்தனையை மட்டும் கைவிடும்படி நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பத் தீர்மானம் போடுவேன். கட்டண பாரபட்சத்துக்கான ஆதாரங்களும் அதோடு போகட்டும். ஒரு நுகர்வோர் வழக்கையும் டிராய் விதி மீறல் குற்றச்சாட்டையும் எதிர்கொள்வதைவிட ஒரு நிபந்தனையை விட்டுக்கொடுப்பது அவர்களுக்கு மலிவு. நோட்டீஸுக்கு முன் ஒப்பந்தத்தில் மூன்று இடங்களைப் பாருங்கள்: நடுவர் தீர்ப்புக்குப் போக வேண்டும் என்ற நிபந்தனை உண்டா, மீறினால் இழப்பீடு என்று தொகை குறித்திருக்கிறதா, உரிய முத்திரைத்தாளில் இருக்கிறதா. இழப்பீட்டுத் தொகை எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தாலும் ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி அதுதான் உச்சவரம்பு. நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும்.

புதிய நிறுவனத்தையும் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே விடாதீர்கள். உரிமம் அல்லது அங்கீகாரத்தின் நகலைக் கேளுங்கள். வாசலில் வந்து நிற்பவர் பல நேரங்களில் உரிமம் பெற்றவரின் உள்ளூர் பங்காளிதான், உரிமம் பெற்றவர் அல்ல. அவருக்கும் பிரத்யேக உரிமை கொடுத்துவிடாதீர்கள். ஒரு ஏகபோகத்தை இரட்டை ஏகபோகமாக்கிவிட்டு, இரண்டும் ஒரே கட்டணத்தில் நின்றால் ஆச்சரியப்படக் கூடாது. காலிக் குழாய்களைச் சங்கமே வைத்துக்கொண்டு, கேட்கிற எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே நிபந்தனையில் இடம் தாருங்கள். கட்டணம் குழாயையும் மின்சாரத்தையும் பராமரிக்கும் செலவுக்குச் சமமாக இருக்கட்டும். இணைப்பின் எண்ணிக்கையோடு அதை முடிச்சுப் போடாதீர்கள். முடிச்சுப் போட்டால் அதிக சந்தாதாரர் உள்ள நிறுவனத்தைக் காப்பாற்றும் ஆசை சங்கத்துக்கே வந்துவிடும். டிராய் 2024 அக்டோபரில் கொண்டுவந்த, கட்டடங்களின் டிஜிட்டல் இணைப்புக்கு நட்சத்திர மதிப்பீடு தரும் விதிமுறைகள் இருக்கின்றன. கட்டாயம் இல்லை, ஆனால் வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ நினைக்கும் உறுப்பினர்களை உங்கள் பக்கம் திருப்ப அது உதவும்.

பணத்தைப் பற்றிய கடைசிக் கேள்வி. இதுவரை வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை; உங்கள் இடத்தைப் பயன்படுத்தியதற்கான தொகை என்று அதற்கு நியாயம் இருக்கிறது. நோட்டீஸ் அனுப்பிய நாளிலிருந்து வரும் தொகையை மட்டும் தனிக் கணக்கில் வைத்து, “உரிமைக்குப் பாதகமின்றி” பெற்றுக்கொண்டோம் என்று ஒவ்வொரு ரசீதிலும் எழுதுங்கள். பழைய தொகைகளை வருமான வரிக் கணக்கில் காட்டியிருக்கிறீர்களா என்றும் உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். உறுப்பினர்கள் தங்களுக்குள் திரட்டும் பணத்துக்குக் கிடைக்கும் விலக்கு, வெளி நிறுவனம் கொடுக்கும் பணத்துக்குக் கிடைக்காது.